பெயர் உதிர்ந்த கிற்றார்

பழைய பொருள் வாங்குவோர் முதலில் நோக்குவது பெயரையே. கடிகாரமாயின் அதன் முகத்திலும், தையல் இயந்திரமாயின் அதன் கழுத்திலும், துவிச்சக்கர வண்டியாயின் அதன் முன்தண்டிலும் செய்தவர் பெயர் காணப்படும். அப்பெயர் இருக்குமட்டும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே பேச்சு ஒழுங்காக நடைபெறும். பெயர் அழிந்துவிட்டாலோ, விற்பவர் வாயில் வந்ததே பெயராகிவிடும். மின் கிற்றார் என்னும் இசைக்கருவியில் இந்த வில்லங்கம் ஏனைய பொருள்களிலும் பார்க்கப் பெரிது. தலையிலே இரண்டு ஆணித் துளைகளும், பெயர்ப்பட்டயம் இருந்த இடத்தில் வெயில் படாத ஒரு சிறு திட்டும் மட்டுமே எஞ்சிய பழைய கிற்றார்கள் எத்தனையோ இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் செய்தவர் அமெரிக்கரா, யப்பானியரா, இத்தாலியரா? அதனை அறிவதற்கு வழியுண்டா? உண்டு, ஆயின் பொறுமை வேண்டும்.

வீணையை அறிந்த எம்மவருக்குக் கிற்றாரின் உறுப்புகள் புதியனவல்ல. குடம், தண்டி, மெட்டு, குதிரை, பிரடை என்னும் சொற்களையே இங்கும் வழங்கலாம். வேறுபாடு ஒன்றுண்டு. வீணையின் குடம் குடைந்தெடுக்கப்பட்டது; ஒலி அதனுள் நின்று பெருகும். மின் கிற்றாரின் குடமோ பெரும்பாலும் கட்டி மரம். அதன்மீது, தந்திகளுக்குக் கீழே, காந்தத்தைச் சுற்றித் தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய சுருளொன்று பதிக்கப்பட்டிருக்கும். உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைந்து சுருளில் மின்னோட்டம் பிறக்கும். அது பெருக்கிக்குச் சென்று ஒலியாகும். பரடேயின் விதியைப் படித்த மாணவர் எவரும் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். இச்சுருளை வாத்தியகாரர் ‘பிக்கப்’ என்பர். நாமும் அவ்வாறே அழைப்போம். செய்தவரைக் காட்டிக்கொடுப்பதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

பெயர் ஏன் மறைந்தது என்பதை அறிய 1964ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு பெப்ரவரி 9ஆந் திகதி பீற்றில்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் நால்வர் நியூயோர்க்கிலே எட் சலிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிற் பாடினர். ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சம் பேர் அதனைக் கண்டனர் என்பது கணக்கு. அதன்பின் அமெரிக்காவில் மின் கிற்றார் வேண்டுமென்று தந்தையை நச்சரியாத பையனைக் காண்பது அரிதாயிற்று. இவ்வியாபாரம் எத்துணை பெரிதாக மதிக்கப்பட்டதென்றால், 1965 சனவரியிலே பென்டர் கம்பனியைச் சீ.பீ.எஸ். நிறுவனம் 1 கோடியே 30 இலட்சம் டொலர் கொடுத்து வாங்கிற்று. ஆனால் பென்டர், கிப்சன் ஆகியோரின் கருவிகள் சாதாரண குடும்பத் தலைவனின் கைக்கு எட்டுவனவல்ல. மலிவான கருவிக்குத் தேவை பெருகிற்று. அத்தேவையை ஒருபுறம் சிக்காகோ நகரத்துத் தொழிற்சாலைகளும் மறுபுறம் யப்பானியரும் நிறைவேற்றினர். இருசாராரும் தத்தம் பெயரைப் பெரிதாக எண்ணியவரல்லர். வாங்குகின்ற வியாபாரி எந்தப் பெயரை ஒட்டச் சொன்னாரோ அதனையே ஒட்டி அனுப்பினர்.

சில்வர்ரோன் என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். அது தபால்மூலம் பொருள் விற்ற சியேர்ஸ் கம்பனியின் விற்பனைப் பெயர். 1960களிலே சியேர்ஸ் கிற்றார் செய்யவில்லை, செய்வித்து விற்றது. சில்வர்ரோன் என்று எழுதிய ஒரு கிற்றாரை நியூ ஜேர்சியிலே நேதன் டானியல் நடத்திய டனெலெக்ற்றோ தொழிற்சாலை செய்திருக்கலாம். சிக்காகோவிலுள்ள ஹார்மனி அல்லது கே செய்திருக்கலாம். பிற்காலத்ததாயின் யப்பானிய ரெயிஸ்கோவும் செய்திருக்கலாம். இவற்றுள் டானியலின் வேலையை இனங்காண்பது எளிது. அவர் மரச் சட்டமொன்றின் முன்னும் பின்னும் மேசனைற் என்னும் அழுத்திய நார்ப்பலகையை அறைந்து குடத்தை முடித்தார். பிக்கப்பைப் பெண்கள் உதட்டுச்சாயம் வைக்கும் உலோகக் குழாய்க்குள்ளே அடக்கினார். குழாய்களை உதட்டுச்சாயக் கம்பனிகளுக்குக் குழாய் செய்தவரிடமே வாங்கினார் என்றால் அம்மனிதரின் சிக்கனம் விளங்கும். பெருக்கியையும் ஒலிபரப்பியையும் கிற்றார்ப் பெட்டிக்குள்ளேயே பொருத்திச் சியேர்சுக்கு விற்றவரும் அவரே. (அத்தகைய பெட்டி எவரிடமேனும் இருந்தால் ஒன்று சொல்லவேண்டும்: அது அமெரிக்காவின் 117 வோல்ற்று மின்னுக்குச் செய்யப்பட்டது. எங்கள் 230 வோல்ற்றில் நேரே மாட்டினால் கருவியும் போகும், ஆளுக்கும் ஆபத்து. பழைய வால்வுப் பெருக்கிகளைத் தொழில் தெரிந்தவர் தவிர வேறெவரும் திறத்தல் ஆகாது.)

எயர்லைன் என்ற பெயரும் அவ்வாறானதே. அது மொன்ற்கொமறி வோட் என்னும் மற்றொரு தபால் வியாபாரியின் பெயர். வல்கோ என்ற சிக்காகோக் கம்பனி கண்ணாடிநார்க் குடத்துடன் செய்த எயர்லைன் இன்று பெருவிலை பெறுகின்றது. அதே பெயரில் ஹார்மனியும் கேயும் செய்தவை அவ்வளவு பெறுவதில்லை. வல்கோவும் கேயும் 1967இல் ஒன்றாகி 1968இல் ஒன்றாகவே மறைந்தன. ஹார்மனி 1975 வரை நின்றது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். பீற்றில்ஸ் குழுவினருள் ஒருவரான ஜோர்ஜ் ஹரிசன் 1959இல் லிவர்பூல் கடையொன்றில் வாங்கிய மின் கிற்றாருக்குப் பியூச்சுறாமா என்று பெயர். இலண்டன் செல்மர் கம்பனி இட்ட பெயர் அது. கருவியோ செக்கோசிலவாக்கியாவிற் செய்யப்பட்டது. சில ஆண்டுகளின் பின் அதே பியூச்சுறாமா என்னும் பெயரைத் தாங்கி வந்தவை சுவீடன் நாட்டு ஹாக்ஸ்ற்றோம் தொழிற்சாலையின் வேலை. பெயரை நம்பி நாட்டைச் சொல்லப் புகுந்தவர் அங்கே தோற்றுப்போவர்.

யப்பானியர் செய்தி சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. பெயரற்ற கிற்றார்களிற் பெரும்பகுதி அவர்களுடையவை. நாகானோ மாகாணத்திலே மலைகள் சூழ்ந்த மற்சுமோற்றோ என்னும் நகரில் மற்சுமோக்கு என்ற மரவேலைக் கம்பனி 1951இல் ஏற்பட்டது. அதன் தொடக்ககாலத் தொழில், சிங்கர் தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்தல்! எங்கள் வீடுகளிலே அம்மாமாரும் மாமிமாரும் பல்லாண்டு மிதித்த அதே சிங்கரின் பெயர் இங்கே வருவதைக் கண்டு வியப்படைந்தேன். பெட்டிக்கு மரம் வளைக்கவும் ஒட்டவும் மெருகிடவும் பழகிய கைகளே பின்னர்க் கிற்றார் செய்தன. அதே நகரில் 1960இல் பூஜிஜென் கக்கி தோன்றிற்று. ரோக்கியோவில் 1946 முதல் இயங்கிய ரெயிஸ்கோவை, பியானோவாற் புகழ்பெற்ற கவாய் கம்பனி 1967இல் வாங்கிக்கொண்டது. 1965இல் வெஞ்சர்ஸ் என்னும் அமெரிக்கக் குழு யப்பானிற் சுற்றுப்பயணஞ் செய்தபோது அந்நாட்டு இளைஞரிடையே ‘எலெக்கி’ மோகம் பிறந்தது. உள்நாட்டுத் தேவையும் வெளிநாட்டுத் தேவையும் ஒருங்கே நெருக்கவே, தொழிற்சாலைகள் தம்முட் பாகங்களைக் கொடுத்தும் வாங்கியும் வேலையை முடித்தன. அமெரிக்காவில் இறக்குமதி செய்தவர்கள் கென்ற், கிங்ஸ்ரன், ரெயிஸ்கோ டெல் றே என்று பலவாறு பெயரிட்டனர். ஒரு தொழிற்சாலைக்குப் பல பெயர். ஒரு பெயருக்குப் பல தொழிற்சாலை. ஆகவே தலையிற் பெயர் இருப்பினுங்கூடச் செய்தவர் யார் என்னும் கேள்வி தீர்வதில்லை.

இனிக் கருவியைக் கையில் எடுப்போம். தலையின் பின்புறத்தையும், தண்டி குடத்தோடு சேருமிடத்திலுள்ள உலோகத் தகட்டையும் முதலிற் பார்க்க. பிறநாட்டுப் பொருளில் அந்நாட்டின் பெயர் தெரியும்படி இருக்கவேண்டும் என்பது அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுத் தீர்வைச் சட்டத்தின் விதி. பலர் அதனைத் தகட்டிற் பொறித்தனர். சிலர் சிறு தாளாக ஒட்டினர். தாள் உரிந்துபோனாலும் சாய்த்து ஒளியிற் பிடித்தால் அதன் விளிம்பு மெருகிற் சிலவேளை தெரியும்.

அடுத்தது திருகாணி. கழற்றிய திருகாணியையும் குமிழையும் அளந்து பார்த்தல் மிகச் சிறந்த சோதனை. அமெரிக்கர் அங்குல அளவிலும் யப்பானியரும் ஐரோப்பியரும் மில்லிமீற்றர் அளவிலும் வேலை செய்தவர்கள். குமிழ் ஏறும் அச்சு அமெரிக்கக் கருவியிற் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீற்றர், யப்பானியக் கருவியிற் பெரும்பாலும் 6 மில்லிமீற்றர். மூன்றிலொரு மில்லிமீற்றர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒன்றின் குமிழ் மற்றதிற் சரியாக அமராது.

குமிழின் கீழே இருப்பது மாறுந்தடை. அமெரிக்க மாறுந்தடையின் முதுகிலே ஓர் எண் அடிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக 1376632 என்றிருப்பின், முதல் மூன்று இலக்கம் செய்தவரைக் குறிக்கும்: 137 என்பது சீ.ரீ.எஸ். கம்பனி. (304 ஆயின் ஸ்ராக்போல், 134 ஆயின் சென்றலாப்.) அடுத்து வரும் 66 என்பது 1966ஆம் ஆண்டு, 32 என்பது அவ்வாண்டின் 32ஆம் வாரம். இதனைக் கண்டவுடன் ‘இக் கிற்றார் 1966இற் செய்யப்பட்டது’ என்று முழங்குவோர் பலர். அது தவறு. மாறுந்தடை செய்யப்பட்ட நாளுக்கு முன் அக்கிற்றார் முடிந்திருக்க முடியாது என்பதை மட்டுமே அவ்வெண் சொல்லும். பென்டர் கம்பனி 1966இல் மாறுந்தடைகளை மலைபோல் வாங்கிக் குவித்தது. அவை தசாப்தத்தின் இறுதிவரை கிற்றார்களிற் பொருத்தப்பட்டன. மேலும், பற்றாசு புதிதாகப் பளபளத்தால் எவரோ பின்னர் மாற்றியிருக்கின்றார் என்பது பொருள்.

தந்திகளைத் தளர்த்திய பின் நான்கு திருகாணிகளையும் கழற்றினால் தண்டி பிரியும். அதன் அடிப்புறத்திலும், அது அமர்ந்திருந்த குழியிலும் பென்சில் எழுத்தோ முத்திரையோ இருக்கக்கூடும். துணியால் துடைத்தல் ஆகாது. ஐம்பது அறுபது ஆண்டு கிடந்த பென்சில் எழுத்து ஒரே துடைப்பிற் போய்விடும். குடம் வெறுமையாகவுள்ள கருவியாயின் ஒலித்துளை வழியே மின்சூளையும் சிறு கண்ணாடியையும் கொண்டு உள்ளே நோக்குக. ஹார்மனி தொழிற்சாலையார் உள்ளே எண்ணும், ‘எவ்-64’ என்பது போன்ற முத்திரையும் இட்டனர். எண்ணின் நடுவேயுள்ள எச் என்ற எழுத்தை அடுத்து வருவது மாதிரியின் எண்.

பிக்கப்பின் முகத்திலே பொற்றகடு போன்ற மெல்லிய தாள் தெரிந்தால் ரெயிஸ்கோ என்று பலர் துணிந்துவிடுவர். ஒகையோ மாகாணத்து ரொலிடோவிலிருந்த டியாமன்ட் பிக்கப்புகளும் பொன்முகம் உடையவையே. ஹார்மனிக்கு அவை சென்றன. திருப்பிப் பார்த்து, அடித்தட்டின் அமைப்பையும் திருகாணியின் அளவையும் ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறவேண்டும். அக்கோடியன் வாத்தியத்திற் காணும் மினுமினுக்கும் செலுலோயிட்டு உறை கிற்றாரின் மேல் இருந்தால் இத்தாலியையோ சுவீடனையோ நினைக்கலாம். இத்தாலியின் எக்கோவும் சுவீடனின் ஹாக்ஸ்ற்றோமும் அக்கோடியன் தொழிலோடு தொடர்புடையவை. கையிருந்த உறையையே கிற்றாருக்கும் போர்த்தினர்.

தொடரெண்ணைப் பற்றியும் கேட்பார்கள். எண் இருப்பதாலேயே பதிவேடு இருக்கும் என்று கொள்ளற்க. 1960களின் மலிவான யப்பானியக் கிற்றாரின் தகட்டிலுள்ள எண்ணால் ஆண்டையும் அறியமுடிவதில்லை, தொழிற்சாலையையும் அறியமுடிவதில்லை. பிற்காலத்தில் ஒழுங்கு வந்தது. 1975இன் பின் ஐபனெஸ் கிற்றார்களில் முதலெழுத்து மாதத்தையும் அடுத்த ஈரிலக்கம் ஆண்டையும் குறிக்கும். சீ என்ற எழுத்தும் 78உம் இருப்பின் 1978 மார்ச்சு. 1977 முதல் கிப்சனில் எட்டிலக்க எண். அதன் முதலாம் ஐந்தாம் இலக்கங்கள் ஆண்டையும் இடைப்பட்ட மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பதையும் காட்டும்.

என் பழைய மாணவர் ஒருவர், இன்று கந்தோரொன்றில் எழுதுவினைஞர், இத்தகைய பெயரற்ற கிற்றார் ஒன்றைக் கொண்டுவந்தார். “சேர், இதை அமெரிக்கக் கிற்றார் என்று சொல்லித்தான் தந்தவர்கள், அதற்கேற்ற காசும் கொடுத்துவிட்டேன்” என்றார். மகனுக்காக வாங்கியது. மகன் வேறு படிப்புக்குச் சென்றுவிட, விற்று அனுமதிக் கட்டணம் செலுத்தவேண்டிய நிலை. அதற்குள் ஒருவர் அவரை அணுகி, புகழ்பெற்ற அமெரிக்கப் பெயரொன்றை ஒட்டித் தருவதாகவும், ஒட்டிய பின் மும்மடங்கு விலை போகும் என்றும் கூறியிருக்கின்றார். பெயர் ஒட்டும் தாள் சில நூறு ரூபாவுக்கு வாங்கக்கூடியது. அவர் என்னிடம் வந்தது கிற்றாரின் குலத்தை அறிவதற்கா, அல்லது அந்த யோசனைக்கு என் வாயால் மறுப்புக் கேட்பதற்கா என்பது எனக்கு இன்றுவரை ஐயமே.

பௌதிக ஆய்வுகூடத்திலிருந்து நுண்மானித் திருகுகணிச்சியை எடுத்துவந்து மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து வேலையைத் தொடங்கினோம். குமிழின் அச்சு 6 மில்லிமீற்றர். திருகாணி யாவும் மில்லிமீற்றர் அளவின. மாறுந்தடையில் அமெரிக்க எண் இல்லை. தண்டியின் தொடக்கத்திலே, சிறு குதிரைக்கு அண்மையில், சுழிய மெட்டு ஒன்று கூடுதலாக இருந்தது. அக்கால யப்பானிய, ஐரோப்பியக் கருவிகளில் அடிக்கடி காணப்படும் வழக்கம் அது. பிக்கப் பொன்முகமுடையது, தலையின் பின்னே நீள்வட்டத் தாள் ஒட்டியிருந்த தடம். தண்டியைப் பிரித்தபோது குழியிலே மைமுத்திரை: இரண்டு யப்பானிய எழுத்துகள், பாதி அழிந்தவை. அமெரிக்கக் கதை அங்கே முடிந்தது. ரெயிஸ்கோவா கவாயா என்பதைத் துணிய முடியவில்லை. 1967இன் பின் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆதலால், கருவியின் வயது தெரியாதவிடத்து அக்கேள்விக்கு ஓரளவுக்கு மேல் விடையும் இல்லை.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்படியென்றால் இதற்கு ஒரு விலையும் இல்லையா, சேர்?” என்று கேட்டார். விலை இல்லாமலில்லை. றை கூடர் என்னும் அமெரிக்க வாத்தியகாரர் ரெயிஸ்கோவின் பொன்முகப் பிக்கப்பைத் தம் பென்டர் கிற்றாரிற் பொருத்தி வாசித்தது முதல் அப்பிக்கப்புக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. அதற்காகவே பழைய யப்பானியக் கிற்றார்களை வாங்கி, பிக்கப்பைப் பிடுங்கிக்கொண்டு மரத்தை எறிபவரும் உளர். ‘யப்பான், 1960களின் நடுப்பகுதி என மதிக்கத்தக்கது, செய்தவர் உறுதியில்லை’ என்று தாளில் எழுதி, முத்திரையின் படத்தையும் சேர்த்து விற்பனைக்கு வைத்தார். கொடுத்த காசில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பிற்று. மீதிக் கட்டணத்துக்கு மனைவியின் காப்பு ஒன்று அடைவுகடைக்குப் போனது என்று பின்னர் அறிந்தேன். அமெரிக்கக் கிற்றார் என்று சொல்லி விற்றவரிடம் அவர் திரும்பச் சென்று கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

மற்றொரு பொய்யையும் இங்கே குறிப்பிடல் தகும். 1970களின் யப்பானியக் கிற்றார் எதனையும் ‘வழக்குக் காலத்துக் கிற்றார்’ என்று கூறி விலையேற்றுவோர் பலர். உண்மையிற் பேசப்படும் வழக்கு ஒன்றே. 1977இற் கிப்சனின் உரிமையாளரான நோர்லின் கம்பனி, ஐபனெசின் அமெரிக்க விற்பனையாளர்மீது தொடுத்தது அது. விடயம் கிற்றாரின் தலையின் வடிவம் மட்டுமே. மறு ஆண்டிலே நீதிமன்றத்துக்கு வெளியில் இணக்கமாயிற்று. ஐபனெசோ வழக்குக்கு முன்னரே தலையின் வடிவத்தை மாற்றத் தொடங்கிவிட்டது. வேறு பெயர்கொண்ட கிற்றார்களுக்கும் அவ்வழக்குக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

கம்பனியைக் கண்டுபிடித்தாலும் செய்த மனிதர் கிடைப்பதில்லை. அருமையாகக் கிடைப்பதுண்டு. 1950களின் சில பென்டர் தண்டிகளின் அடியிலே நாளும் ‘ரீ.ஜீ.’ என்ற எழுத்துகளும் பென்சிலால் எழுதப்பட்டுள்ளன. அவை ரடேயோ கோமெஸ் என்னும் தொழிலாளியின் முதலெழுத்துகள். அபிகேல் இபாரா என்னும் பெண்மணி 1956இல் அதே தொழிற்சாலையிற் சேர்ந்து பிக்கப் சுற்றினார். 2013 வரை சுற்றினார். அவர் கைப்பட்ட சுருளுக்கு இன்று தனி விலை. மற்சுமோற்றோவின் தொழிலாளருட் பலருக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. மற்சுமோக்குத் தொழிற்சாலை 1987இல் மூடப்பட்டது.

பழைய கிற்றாரைத் திறப்பவர்களுக்கு இன்னும் இரண்டு சொல். எந்தத் திருகாணி எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதிலேயே திரும்பச் செலுத்துக. முடுக்குமுன் இடப்புறமாக ஒருமுறை திருப்பினால் பழைய புரி தானே அகப்படும், மரம் கிழியாது. கண்ட எண்கள், முத்திரைகள், அளவுகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கருவியின் பெட்டிக்குள் வைத்துவிடுக. அடுத்து வாங்குபவர் மறுபடியும் திறக்கவேண்டியிராது.